ஒற்றைப்படைத் தேதிக்குத் தவிடு

மே 3

கல்லூரிப் பதிவேட்டில் எடை, நீளம், தண்ணீரின் சூடு தவிர எதுவும் வரக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். போன வருடப் பதிவேட்டின் ஓரத்தில் "குளம் ஒழுகுகிறது, ஒருவருக்கும் அக்கறையில்லை" என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு, "ஆராய்ச்சிப் பதிவேட்டுல உன் புலம்பல் எல்லாம் எதுக்கு, பிரிசில்லா?" என்று கேட்டார். ஆகவே புலம்பலுக்கு இந்தத் தனி நோட்டு.

கல்லூரிக் குளம் இன்னமும் ஒழுகத்தான் செய்கிறது. அதனால் என் ஆராய்ச்சி தென்காசிப் பக்கம், பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஓர் ஊரில், கொம்பையா அண்ணாச்சி என்ற விவசாயியின் குளங்களுக்குப் போய்விட்டது. விஷயம் இதுதான். புரதம் கூடிய தீவனம் விலை அதிகம். அதைத் தினமும் போடாமல் ஒரு நாள் புரதம் குறைந்த தீவனம், மறுநாள் கூடிய தீவனம் என்று மாற்றி மாற்றிப் போட்டாலும் மீன் ஏறக்குறைய அதே அளவு வளரும் என்று வெளிநாட்டில் எழுதியிருக்கிறார்கள். இங்கே வளருமா என்று பார்ப்பது என் வேலை. வளர்ந்தே ஆக வேண்டும் என்பது சாரின் ஆசை. அவருக்கு அடுத்த மார்ச்சில் ஓய்வு, நான் அவருடைய கடைசி மாணவி.

அண்ணாச்சிக்கு இரண்டு குளம். மேலக்குளம் அவர் நிலத்தில். கீழக்குளம் அவர் மனைவி வடிவக்காவின் நிலத்தில். மேலக்குளத்துக்குத் தினமும் நல்ல தீவனம். கீழக்குளத்துக்கு மாற்றி மாற்றி. இதைச் சொன்னதும் வடிவக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அது எங்கப்பா எனக்குக் குடுத்த நெலம். இவுக வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல நாந்தான் குளம் தோண்டுனேன். இந்த ஒரு தடவ மீன் சரியா வரலைன்னா மூடிட்டு, இவுக தம்பிக்கு வாழை போடக் குத்தகைக்குக் குடுத்துருவாவளாம். நீங்க ஒருநாளு சோறு ஒருநாளு கஞ்சின்னு போட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு?"

"நான் பொறுப்பு, அக்கா" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

மே 6

குஞ்சு விட்டாயிற்று. குளத்துக்கு மூவாயிரம், ஜிலேபிக் கெண்டை, ஒவ்வொன்றும் விரல் கணு நீளம்.

எந்த நாள் எந்தத் தீவனம் என்று அவர்களுக்கு நினைவிருக்க வேண்டுமே என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தேதி ஒற்றைப்படை என்றால் தவிடும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை. இரட்டைப்படை என்றால் மூட்டையில் வரும் மிதவைத் தீவனம். நாள்காட்டியைக் கிழிக்கும்போதே தெரிந்துவிடும். வடிவக்கா அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "ஒத்தைக்குத் தவிடு, இரட்டைக்கு மூட்டை. இது நல்லாருக்கே" என்றார். சார்கூடப் பாராட்டினார். அதிசயம்.

மே 7

அம்மாவிடம் போனில் சொன்னேன். "கடல்ல மீனு தன்னால வளருது. நீ குளத்து மீனுக்குச் சோறூட்டவா இம்புட்டு வருசம் படிச்ச?" என்றாள். எங்கள் வீட்டில் குளத்து மீனைச் சட்டியில் ஏற்ற மாட்டார்கள். எனக்கு முப்பத்தொரு வயதாவதையும் அதே மூச்சில் ஞாபகப்படுத்தினாள்.

ஜூன் 18

முதல் எடை பார்க்கும் நாள். விடாமல் சாரல். மீன் பிடித்துத் தர மூக்காண்டி அண்ணன் வந்திருந்தார். பக்கத்து ஊர்க்காரர், வீச்சுவலை வீசுவதில் கெட்டிக்காரர் என்று பெயர். கீழக்குளத்தில் ஏழு முறை வீசினார். மொத்தம் நான்கு மீன். எனக்கு ஐம்பது வேண்டும். கடைசி பஸ் நாலே முக்காலுக்கு.

"இழுவலை போடணும்மா" என்றார். "நாலு ஆளு வேணும். குளத்தை ஒரு ஓரமா ஒதுக்கிக் கொண்டாந்து, அதுல பாக்காம அள்ளணும். அப்பதான் எல்லாத் தினுசும் வரும்."

மழையில் நாலு ஆளுக்கு எங்கே போவது? இன்று இரட்டைப்படைத் தேதி. காலைத் தீவனத்தை எடை பார்த்த பிறகு போடலாம் என்று நிறுத்தி வைத்திருந்தோம். அதில் இரண்டு கை அள்ளிக் கரையோரம் தூவினேன். தண்ணீர் கொதித்தது. "இப்ப வீசுங்க" என்றேன். ஒரே வீச்சில் அறுபத்து மூன்று மீன்.

மூக்காண்டி அண்ணன் வலையை உதறிக்கொண்டே சொன்னார். "தீனியக் காட்டிக் கூப்பிட்டா முந்திக்கிட்டு வாறவன்தாம் வருவான். பின்னால நிக்கிறவன் எடை ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் எனக்குப் புள்ளியியல் சொல்லித் தருகிறார். எரிச்சலாக வந்தது. மேலக்குளத்திலும் அதே மாதிரி தூவித்தான் பிடித்தோம், ஆக இரண்டுக்கும் ஒரே முறை, ஒப்பிடலாம். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஜூன் 19

மேலக்குளத்தின் சராசரிக்கும் கீழக்குளத்தின் சராசரிக்கும் இரண்டு கிராம்கூட வித்தியாசம் இல்லை. சார் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் தாளைப் பார்த்தார். மூன்று வருடத்தில் அவர் எழுந்து வந்தது இது முதல் தடவை.

ஜூலை 5

காலை முழுவதும் தவிடு, புண்ணாக்கு, கிழங்கு மாவு எடை போட்டு மூட்டை கட்டினேன். முடியெல்லாம் புண்ணாக்கு நாற்றம். விடுதியில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்காரி ஜன்னல் ஓரத்துக்கு மாறிவிட்டாள். கேட்டால் காற்றுக்காம்.

ஜூலை 16

இரண்டாம் எடை. மழை இல்லை. நாலு ஆள் கேட்டிருந்தால் கிடைத்திருப்பார்கள். ஆனால் போன மாதம் ஒரு முறை, இந்த மாதம் வேறு முறை என்றால் ஒப்பிட முடியாது. அதனால் தூவித்தான் பிடித்தோம். மூக்காண்டி அண்ணன் வலையைத் தேவைக்கு மேல் சத்தமாக உதறினார்.

வடிவக்கா கீழக்குளத்தின் கரையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறார். குளத்தங்கரையை யார் பெருக்குவார்கள்? தவிட்டு உருண்டையைத் தட்டில் வைத்து இறக்கும்போது தட்டின் விளிம்பை முந்தானையால் துடைக்கிறார். "எம் பிள்ளைகளுக்கு இன்னைக்கு மூட்டை நாளு" என்று மீன்களிடம் பேசுகிறார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை அண்ணாச்சி என்னிடம் தனியாகச் சொன்னார். எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 14

மூன்றாம் எடை. மேலக்குளம் சராசரி நூற்றெழுபது கிராம், கீழக்குளம் நூற்று அறுபத்தைந்து. சாருக்குக் கரையில் நின்றே போன் செய்தேன். "கட்டுரையை எழுத ஆரம்பிச்சிரு" என்றார்.

கிளம்பும்போது வடிவக்கா என்னை வைக்கோல் படப்புப் பக்கம் கூப்பிட்டார்.

"எம்மா, ஒண்ணு சொல்லணும். இவுககிட்ட சொல்லிராதீய. ஜூலை முப்பத்தொண்ணு ஒத்தை, தவிடு போட்டேன். மறுநாளு ஒண்ணாந்தேதி. அதுவும் ஒத்தை. ரெண்டு நாளும் தவிடான்னு யோசிச்சேன். தட்டை இறக்கக் கைய விட்டா கைய வந்து கவ்வுது. பாவமா இருந்துச்சு. ஒரு வாளி மூட்டைத் தீனி அள்ளிப் போட்டுட்டேன். தப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நாளையில ஒண்ணும் ஆகாது, அக்கா. விடுங்க" என்றேன். உண்மையில் ஆகாது. ஆறு மாதத்தில் ஒரு வாளி ஒரு கணக்கே இல்லை. அக்கா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். கையோடு பறித்து வைத்திருந்த கத்திரிக்காயைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 15

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. முப்பத்தொன்று ஒற்றை, ஒன்றும் ஒற்றை. அப்படியானால் மே 31, ஜூன் 1 இரண்டு நாளும்கூடத் தவிடுதான் விழுந்திருக்கிறது. இந்த மாதக் கடைசியிலும் விழும். இதைப் பாராட்டிய சாருக்கும் தோன்றவில்லை, கண்டுபிடித்த எனக்கும் தோன்றவில்லை. வாளியைக் கையில் வைத்திருந்த அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது.

திருத்தம் என்று பதிவேட்டில் எழுதினால் மே மாதத்தையும் எழுத வேண்டும். அட்டவணையே தப்பு என்று ஆகும். எழுதவில்லை. ஆகஸ்ட் 1-க்கு நேரே மட்டும் பென்சிலால் "விவசாயியின் மனைவி அட்டவணை மாற்றி இட்டார்" என்று சிறியதாக எழுதி வைத்தேன். பென்சில்தானே.

செப்டம்பர் 9

நேற்று மலையில் நல்ல மழை. கீழக்குளத்தில் தண்ணீர் வெளியேறும் குழாயில் கட்டியிருந்த வலை அறுந்துவிட்டதாக அண்ணாச்சி போன் செய்தார். எடை நாள் இல்லாவிட்டாலும் போனேன். நான் போவதற்குள் வலையைக் கட்டிவிட்டார்கள். வாய்க்காலில் அடித்துப் போன மீன்களை வடிவக்கா பொறுக்கி ஒரு குடத்தில் போட்டு வைத்திருந்தார்.

"இது நம்ம மீனு இல்லைல்லாம்மா? வாய்க்கால்ல கெடந்த வேற மீனுதானே?" என்று கேட்டார்.

குடத்துக்குள் கையை விட்டேன். நம் மீன்தான். நாலு மாதம் ஆகிறது, இந்நேரம் கால் கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். தராசில் வைத்தேன். ஐம்பத்தைந்து, அறுபது, நாற்பத்தெட்டு. தலை வளர்ந்திருக்கிறது, உடம்பு வளரவில்லை. ஒன்றுக்கு முதுகுத் துடுப்பு முழுக்கக் கடிபட்டிருந்தது. முப்பது மீன் பார்த்தேன், முப்பதும் அப்படி.

அப்புறம் குளத்தங்கரையில் உட்கார்ந்து மூட்டைத் தீவனம் போடுவதைப் பார்த்தேன். நேற்று எட்டாம் தேதி மழையில் போட முடியாததால் இன்று போடச் சொன்னேன். நான் இதுவரை வலைக்காகத்தான் அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன், மீனுக்காகப் பார்த்ததில்லை. பெரியவை ஒரு நாள் தவிட்டோடு கிடந்த பசியில் பாய்ந்து வருகின்றன. பத்து நிமிடத்தில் மேலே மிதப்பது ஒன்று விடாமல் காலி. சின்னவை கிட்டேயே வருவதில்லை. மேலக்குளத்தில் தினமும் கிடைப்பதால் பெரியவை தின்றுவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன, மிச்சத்தை மற்றவை தின்கின்றன. இங்கே மிச்சம் என்பதே இல்லை. சின்னவற்றுக்கு ஒற்றைப்படையிலும் தவிடு, இரட்டைப்படையிலும் முந்தின நாள் தவிட்டுத் தூசி.

நான் மாதாமாதம் தூவிக் கூப்பிட்டு எடை பார்த்ததெல்லாம் அந்தப் பெரியவற்றைத்தான்.

"வேற மீனு மாதிரிதான் இருக்கு, அக்கா" என்றேன்.

செப்டம்பர் 10

சாரிடம் சொன்னேன். இது என் நோட்டு என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"கீழக்குளத்துல பாதிக்கு மேல வளரவே இல்லை, சார்."

"சராசரி என்ன வந்திருக்கு?"

"சராசரி நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பிடிச்ச முறை தப்பு. தீவனம் தூவிப் பிடிச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கேக்கலை. சின்ன மீன் எல்லாக் குளத்துலயும் இருக்கும்."

"இப்பவே இழுவலை போட்டு, சின்னதைப் பிரிச்சு வேற வலைக்கூண்டுல விட்டு, தினமும் நல்ல தீவனம் போட்டா அறுவடைக்குள்ள முக்கால்வாசியைத் தேத்திடலாம், சார். அவங்க நிலம் அது."

"பிரிச்சா அன்னைக்கே உன் சோதனை முடிஞ்சது. மார்ச்சுல நான் போயிருவேன். அப்புறம் புது கைடு, புதுத் தலைப்பு, இன்னொரு மூணு வருஷம். உனக்கு வயசு என்ன?"

சொன்னேன்.

"நான் எதுவும் சொல்லலை. நீயே யோசிச்சுக்க" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எதுவும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடும் இந்த வித்தைக்குத்தான் பேராசிரியர் பதவி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

செப்டம்பர் 12

போனை எடுத்தேன். அண்ணாச்சியின் எண் வரை போனேன். நாலு ஆள், ஒரு இழுவலை, ஒரு கூண்டு. அரை நாள் வேலை. வைத்துவிட்டேன். சின்ன மீன் எல்லாக் குளத்திலும் இருக்கத்தான் செய்யும்.

செப்டம்பர் 13

அம்மா கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

செப்டம்பர் 18

நாலாம் எடை. தூவிப் பிடித்தோம். மேலக்குளம் முன்னூற்று இருபது, கீழக்குளம் முன்னூற்றுப் பத்து.

மூக்காண்டி அண்ணன் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சு என்னம்மா?" என்றார். எனக்குக் கேட்காத மாதிரி தராசைத் துடைத்தேன். அவரும் வேறு யாரிடமும் சொல்லவில்லை. படித்த பெண் ஏதோ காரணத்தோடுதான் செய்கிறது என்று நினைத்திருப்பார். அப்படி நினைத்திருந்தால் எனக்கு நல்லது.

வடிவக்கா ஒரு பெரிய மீனை இரண்டு கையாலும் தூக்கி அண்ணாச்சியிடம் காட்டினார். "இப்ப என்ன சொல்லுதிய? வாழை வேணுமா, மீனு வேணுமா?" என்று கேட்டார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "நீ ஜெயிச்சிட்டட்டி" என்றார். நான் இருவருக்கும் நடுவில் நின்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 4

கட்டுரை பன்னிரண்டு பக்கம் முடிந்தது. ஐந்து மாதப் படம் வரைந்தேன். இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு ஏறுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 28

அறுவடை.

காலை ஆறு மணிக்குப் போய்விட்டேன். கேரளத்து வியாபாரி ஐஸ் பெட்டி வண்டியோடு வந்திருந்தார். முதலில் மேலக்குளம். அரைக் கிலோ, அரைக் கிலோவாக வந்தது. வியாபாரி பேசாமல் எடை போட்டு ஏற்றினார். அண்ணாச்சி எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார்.

பிறகு கீழக்குளம். வடிவக்கா புதுச் சேலை கட்டியிருந்தார். எட்டுப் பேர் இழுவலையை இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் பெரியவை துள்ளின. அக்கா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். வலை நெருங்க நெருங்க அடியில் இருந்தவை மேலே வந்தன. உள்ளங்கை அகலம், அதற்கும் சின்னது. கூடை கூடையாக அதுதான். சிரித்த முகம் மாறுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்னும் அடியில் பெரியது இருக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

வியாபாரி ஒரு கூடையைக் கவிழ்த்துக் காலால் பரப்பினார். "எனக்கு ஒரே சைஸ் வேணும். இதை யாரு வாங்குவா? கருவாட்டுக்குக்கூட முள்ளுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பெரியதை மட்டும் பொறுக்கிக்கொண்டார். நாலில் ஒன்றுகூடத் தேறவில்லை. வண்டி போய்விட்டது. சின்ன மீன்கள் கரையில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அண்ணாச்சி என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். "எம்மா, மாசா மாசம் ஒங்க கணக்குல நல்லா இருந்துச்சுல்லா? ரெண்டு குளமும் ஒண்ணுபோல இருந்துச்சுல்லா? பெறகு எப்பிடி?"

வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று இப்போது நினைக்கிறேன். அதற்குள் வடிவக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான்" என்றார். "ஆகஸ்டு ஒண்ணாந்தேதி நாந்தான் மாத்திப் போட்டேன். தவிடு போடுத அன்னைக்கு மூட்டையைப் போட்டுட்டேன். அன்னைலேர்ந்துதான் மீனு தெகைச்சுப் போச்சு. டாக்டரம்மாட்ட சொன்னேன், எம் மனசு நோவக் கூடாதுன்னு ஒண்ணும் ஆகாதுன்னாவ."

அண்ணாச்சி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்பிடியாம்மா?"

எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு என் பதிலுக்கு நின்றார்கள். மூக்காண்டி அண்ணனும் நின்றார்.

"அட்டவணை மாறினா கொஞ்சம் பாதிப்பு வரத்தான் செய்யும்" என்றேன்.

கொஞ்சம் என்று சொன்னேன். அது மட்டும் உண்மை. மூக்காண்டி அண்ணன் வலையை அப்படியே போட்டுவிட்டுக் கூலிகூட வாங்காமல் வரப்பில் ஏறி நடந்து போனார். அண்ணாச்சி மனைவியை நோக்கி, "ஒன் கை பட்டாலே வெளங்காதுட்டி" என்றார். செப்டம்பரில் "நீ ஜெயிச்சிட்ட" என்ற அதே ஆள். அக்கா புதுச் சேலையில் சேறோடு உட்கார்ந்து சின்ன மீன்களைக் கூடையில் அள்ளினார்.

கிளம்பும்போது என் கையில் ஒரு பையைக் கொடுத்தார். வியாபாரி வருவதற்கு முன்பே எனக்கென்று எடுத்து வைத்த பெரிய மீன் இரண்டு.

அக்டோபர் 29

மீனை விடுதிச் சமையல்காரரிடம் கொடுத்தேன். குழம்பு நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். நான் சாப்பிடவில்லை என்று எழுத ஆசை. சாப்பிட்டேன்.

நவம்பர் 2

சாரிடம் அறுவடைக் கணக்கைக் காட்டினேன். கீழே வரை படித்தார். "விவசாயி அட்டவணையை மீறினதுக்குப் பதிவு இருக்கா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் பக்கத்தைக் காட்டினேன்.

"இது பென்சில்ல இருக்கே" என்றார்.

நவம்பர் 3

பேனாவால் எழுதிவிட்டேன்.

டிசம்பர் 21

ஆய்வேடு அச்சுக்குப் போயிற்று. நூற்று எழுபத்து நான்கு பக்கம். தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் அடிக்குறிப்பு ஒன்று உண்டு. விவசாயியின் குடும்பத்தார் உணவு அட்டவணையைப் பின்பற்றத் தவறியதால் இறுதி அறுவடைத் தரவுகள் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. இரண்டு வரி. முன்னுரையில் நன்றி சொல்லும் பகுதியில் "திரு. கொம்பையா, திருமதி சண்முகவடிவு ஆகியோரின் ஒத்துழைப்புக்கு" என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில்தான் எழுதினேன்.

ஜனவரி 31

நாள்காட்டியைக் கிழிக்கும்போது நாளை ஒன்றாம் தேதி என்று ஞாபகம் வந்தது. வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 18

வாய்மொழித் தேர்வு முடிந்தது. இனி நான் டாக்டர் பிரிசில்லா. அண்ணாச்சி ஊரில் என்னை முதல் நாளிலிருந்தே டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, "அறுவடையை ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார். கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

"அவங்க ஒரு நாள் தீவனத்தை மாத்திட்டாங்க, சார்."

"நம்ம ஜனங்களுக்கு ஒரு வேலையை ஒழுங்காச் செய்ய வராது" என்று அவர் சொன்னார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சார் எனக்குச் சால்வை போட்டார். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள், அழுதாள், வஞ்சிர மீன் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள்.

சாயங்காலம் போன் வந்தது. வடிவக்கா. அவர் என்னைக் கூப்பிட்டது இதுவே முதல் தடவை.

"எம்மா, பரீச்சை இன்னைக்குத்தான்னு கேள்விப்பட்டேன். பாஸாயிட்டியளா?"

"ஆயிட்டேன், அக்கா."

"எங்க கருப்பசாமி காப்பாத்திட்டான்" என்று ஒரு பெருமூச்சு விட்டார். நிலத்தை அண்ணாச்சியின் தம்பிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்களாம். கரையை வெட்டிக் குளத்தை மூடி வாழைக்கன்று வைத்தாயிற்றாம். மேலக்குளத்தில் இந்த வருடமும் மீன் விட்டிருக்கிறார்கள். "என்னைய அந்தப் பக்கமே போக விடமாட்டாவ. தீனி போடக்கூட இவுகளே போறாவ. எங் கை ஆகாதுன்னு வெச்சிருக்காவ" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நியாயம்தானே என்கிற மாதிரி சொன்னார்.

நான் என்ன கேட்டேன் என்று ஞாபகமில்லை. வாழை எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பேன்.

"நெலம் போனது போவட்டும்மா" என்றார். "நா பண்ணுன தப்பால ஒங்க படிப்பும் கெட்டுப்போயிருமோன்னுதான் இத்தன நாளும் எனக்குச் சோறு எறங்கல. ஒரு வாளி. பாவம்னு பாத்து ஒரு வாளி போட்டேன். நம்ம ரெண்டு வீட்டையும் கெடுக்கப் பாத்தேனே. மனசுல வெச்சுக்கிடாதீங்கம்மா. என்னைய மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அறைக்குள்ளிருந்து அம்மா, மீன் ஆறுகிறது என்று கூப்பிட்டாள்.

"பரவாயில்லை, அக்கா. மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் வடிவக்கா அழுதுகொண்டே நன்றி சொன்னார்.